"23 இலக்கு போட்டோம், 6 தான் முடிந்தது"

கோவையிலிருந்து 34 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரையும், அவர் உழைக்கும் திட்டம் எது என்று காட்டிக்கொடுக்கும் விவரங்களையும் நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

பகலில் ஐ.டி. வேலை. இரவிலும் ஞாயிறிலும் ஒரு சின்ன திறமூல பிரவுசர் எஞ்சின், அதாவது வலைப்பக்க நிரலைத் திரையில் தெரியும் பக்கமாக மாற்றும் மென்பொருள். நான்கு வருடத்துக்கு முன் ஒரு தமிழ்ப் பக்கத்தில், பத்தியின் முதலெழுத்தைப் பெரிதாக்கும் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) வரியை அந்த எஞ்சின் தப்பாகப் புரிந்துகொண்டது. 'கோ'வில் 'க'வை மட்டும் பெரிதாக்கிவிட்டு, கொம்பையும் துணைக்காலையும் புள்ளி வட்டத்தோடு தனியே தொங்கவிட்டது. அதைச் சரிசெய்யப் போனவர் உள்ளேயே மாட்டிக்கொண்டார். இன்று மூன்று பராமரிப்பாளர்களில் அவரும் ஒருவர். மற்ற இருவரும் ஐரோப்பாவில் இருக்கிறார்கள்.

அடுத்த வருடத்துக்கான இலக்குகளை எழுதும் பொறுப்பு இந்த முறை அவர் தலையில் விழுந்திருக்கிறது. போன வருடம் 23 இலக்கு அறிவித்து 6 முடித்திருக்கிறார்கள். இந்த வருடம் ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை, மூவரில் ஒருவருக்கு வாரம் 20 மணி நேரத்துக்கு நல்கை தரத் தயார். ஆனால் எழுத்தில் திட்டம் கேட்கிறது. ஒரு பராமரிப்பாளர், "வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸில் (எல்லா எஞ்சின்களுக்கும் பொதுவான தேர்வுத் தொகுப்பு) 90 சதவீதம், இது ஒன்றே இலக்கு" என்கிறார். இன்னொருவர், "லேஅவுட்டை (பக்கத்தில் எது எங்கே வரும் என்று கணக்கிடும் பகுதி) முழுக்கத் திரும்ப எழுதாமல் எந்த இலக்கும் வீண்" என்கிறார். தொண்டர்களோ, "சம்பளம் இல்லாத இடத்தில் டார்கெட் எதற்கு?" என்று கேட்கிறார்கள். வீட்டில் மனைவி, "ரெண்டு கம்பெனிக்கு வேலை பார்க்குறீங்க, ஒரு கம்பெனிதான் சம்பளம் தருது" என்கிறாராம். கடைசியில் ஒரு கேள்வி: "அண்ணா, வேலையை விட்டுவிட்டு இதிலேயே இறங்கிவிடலாமா?"

தம்பி, உங்கள் கடிதத்தில் 'தோல்வி' என்ற சொல் ஐந்து இடத்தில் வருகிறது. முதலில் அதை எடுத்து ஓரமாக வைப்போம். கடைசிப் பக்கத்தில் யார் எத்தனை மணி நேரம் தருகிறார்கள், எத்தனை பேட்ச் (பிறர் அனுப்பும் நிரல் திருத்தம்) வருகிறது என்று எல்லா எண்களையும் நீங்களே கொடுத்திருக்கிறீர்கள். கூட்டிப் பார்க்கத்தான் இல்லை. நான் கூட்டினேன்.

முதலில் மணிக்கணக்கு

போன வருடம் மூவரும் வாரம் தலா 8 மணி, ஆக 24. தீபாவளி, கிறிஸ்துமஸ், காய்ச்சல், அலுவலக ரிலீஸ் எல்லாம் போக வருடத்துக்கு 44 வாரம் என்று வைத்தால் 1,056 மணி. மாதம் 40 பேட்ச் வருகிறது என்கிறீர்கள். ஒன்றைப் படித்து, கேள்வி கேட்டு, திருத்தி வந்ததை மறுபடி பார்த்துச் சேர்க்கச் சராசரி ஒரு மணி என்று தாராளமாகக் குறைத்தே போட்டாலும் 480. சார்பு நூலகங்களை (எஞ்சின் நம்பியிருக்கும் பிறர் நிரல்களை) புதுப்பிப்பது, கம்பைலர் பதிப்பு மாறும்போது உடைவதை ஒட்டுவது, புதிய டெஸ்ட்களை இறக்கி ஒத்திசைப்பது, இவற்றுக்கு வாரம் 4 மணி, அதாவது 176. கூட்டம், அரட்டை, மாத அறிக்கைக்கு ஆளுக்கு வாரம் 2 மணி, அது 264. இவை மட்டுமே 920. மிச்சம் 136 மணி.

136 மணியை 23 இலக்குக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 6 மணி நேரம்கூட வரவில்லை. அதில் ஒரு இலக்கு சிஎஸ்எஸ் ஃப்ளோட் (படத்தை ஓரமாக ஒதுக்கி எழுத்தைச் சுற்றி ஓடவிடுவது), இன்னொன்று இண்டெக்ஸ்டுடிபி (பிரவுசருக்குள்ளேயே இருக்கும் தரவுத்தளம்)! ஆறு முடிந்ததுதான் எனக்கு ஆச்சரியம். அதற்கும் உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: அந்த ஆறில் நான்கை முடித்தது நீங்கள் மூவர் இல்லை, வெளியிலிருந்து வந்த தொண்டர்கள். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த வருடம் நல்கையால் 8 என்பது 20 ஆகிறது. வாரம் 36, வருடம் 1,584. அதே 920 போக மிச்சம் 664. அதிலும் மூன்றில் ஒரு பங்கை எதிர்பாராததற்கு ஒதுக்குங்கள். பிரவுசர் எஞ்சினில் எதிர்பாராதது வராத வருடம் கிடையாது. கையில் நிற்பது சுமார் 440 மணி. ஒரு பெரிய வேலை, ஒரு நடுத்தர வேலை, இரண்டு மூன்று சின்ன வேலை. அவ்வளவுதான் உங்கள் வருடம்.

கேட்கவே சின்னதாகத் தோன்றும். ஆனால் உங்களைவிடப் பெரிய குழுவும் இப்படித்தான் மறுபடி தொடங்கியது. சர்வோவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2012ல், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைத் தரும் மொசில்லாவின் ஆய்வுப் பிரிவில் ரஸ்ட் மொழியில் தொடங்கிய எஞ்சின். சிஎஸ்எஸ் விதிகளைக் கணக்கிடும் அதன் ஸ்டைல் பகுதி 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57க்குள் போனது. 2020 ஆகஸ்டில் மொசில்லா சுமார் 250 பேரை வேலையிலிருந்து நீக்கியபோது சர்வோ குழுவும் கலைந்தது. அந்த நவம்பரில் திட்டம் லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குப் போனாலும் இரண்டு வருடம் கிட்டத்தட்ட உறக்கம்தான். 2023 ஜனவரியில் வெளியிலிருந்து பணம் கிடைத்து, இகாலியா நிறுவனத்தின் பொறியாளர்கள் சம்பளத்தோடு மறுபடி கையில் எடுத்தார்கள்.

அந்த வருடத் திட்டத்தைப் பாருங்கள். திட்டத்தை மறுபடி உயிர்ப்பிப்பது, முக்கியமான சார்பு நூலகங்களைப் புதுப்பிப்பது, இரண்டு லேஅவுட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, அடிப்படை சிஎஸ்எஸ்2 ஆதரவை நோக்கி நகர்வது, ஆண்ட்ராய்டையும் வேறு செயலிகளுக்குள் பொருத்துவதையும் ஆராய்ந்து பார்ப்பது. 'குரோமை வெல்வோம்' மாதிரி ஒரு வரிகூட இல்லை. சம்பளத்துக்கு ஆள் இருந்தும், நூலகம் புதுப்பிப்பதை வருட இலக்காக வெளியில் எழுதினார்கள். உங்கள் 23ல் அந்த மாதிரி வேலை ஒன்றுகூட இல்லை. ஆனால் அதற்குத்தான் வருடம் முழுக்க மணி போனது. செய்கிற வேலையைப் பட்டியலில் எழுதாமல், எழுதியதைச் செய்ய நேரமில்லாமல் இருந்திருக்கிறீர்கள்.

90 சதவீதம் யாருடைய கணக்கு?

உங்கள் நண்பர் சொல்லும் 90 எங்கிருந்து வந்தது? ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்துக்குப் பிறகு, 2024 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 17.4 முதல், ஒன்றிய நாடுகளில் ஐபோனில் தன் சொந்த எஞ்சினான வெப்கிட் அல்லாத எஞ்சினையும் அனுமதிக்க ஆப்பிள் நிபந்தனைகள் போட்டது. வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸில் 90 சதவீதம், ஜாவாஸ்கிரிப்டுக்கான டெஸ்ட்262ல் 80 சதவீதம் என்பவை அதில் இரண்டு. அவற்றோடு முடியவில்லை; பாதுகாப்பு ஓட்டைகளை விரைந்து அடைப்பது, நினைவகப் பாதுகாப்பு என்று பட்டியல் நீள்கிறது. அது ஒரு கடைக்குள் நுழைய வாசலில் கேட்கும் சீட்டு. நீங்கள் அந்த வாசலில் நிற்கவே இல்லை. ஐஓஎஸுக்கு உங்கள் எஞ்சினில் ஒரு வரி நிரல்கூட இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் அந்தச் சீட்டு எதற்கு?

இன்னொரு தவறான எண்ணமும் கடிதத்தில் தெரிகிறது: 'இப்போது 61, வருடத்துக்குப் பத்து ஏறினால் மூன்று வருடத்தில் 90'. அந்த டெஸ்ட் தொகுப்பில் உள்ளே இருக்கும் துணைத்தேர்வுகளை எண்ணினால் ஏறத்தாழ 20 லட்சம் வரும். அவை சமமாகப் பரவியில்லை. சீன, ஜப்பானிய, கொரிய மொழிகளின் பழைய குறியேற்றங்களைச் சோதிக்கும் கோப்புகளில் எழுத்துக்கு ஒரு துணைத்தேர்வு. அந்தப் பகுதியைச் சரிசெய்தால் சதவீதம் ஒரே வாரத்தில் துள்ளும். உங்கள் பயனர் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. மாறாக, ஒரு வங்கிப் பக்கத்தின் பொத்தான் அழுத்தினால் வேலை செய்யாத கோளாறைச் சரிசெய்தால் ஒருவேளை நான்கே துணைத்தேர்வு கூடும். போதாததற்கு, பெரிய எஞ்சின்களின் பொறியாளர்கள் தினமும் புதிய டெஸ்ட்களைச் சேர்க்கிறார்கள். நீங்கள் ஓடினாலும் கோடு நகரும்.

ஆசிட்3 ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் பள்ளியில் இருந்திருப்பீர்கள். 2008ல் வந்த அந்தச் சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்க எஞ்சின்கள் போட்டி போட்டன. நூறு வாங்கிய பிறகும் வலைப்பக்கங்கள் ஒவ்வொரு பிரவுசரிலும் ஒவ்வொரு மாதிரிதான் தெரிந்தன. தரநிலைகளே மாறிப்போனதால் 2011ல் அந்தச் சோதனையிலிருந்தே சில பகுதிகளை எடுக்க வேண்டியிருந்தது.

நான் டெஸ்டுக்கு எதிரி இல்லை. எதை எண்ணுகிறோம் என்பதில்தான் விஷயம். பெரிய எஞ்சின்கள் சேர்ந்து வருடா வருடம் இலக்கு வைக்கும் இண்டர்ஆப் முயற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021ல் 'காம்பட்' என்ற பெயரில் தொடங்கியபோது அவர்கள் எடுத்தது சிஎஸ்எஸ்ஸின் ஐந்தே பகுதி: ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கிரிட், ஸ்டிக்கி பொசிஷன், ஆஸ்பெக்ட் ரேஷியோ, டிரான்ஸ்ஃபார்ம். வலைத்தளம் கட்டுபவர்களிடம் 'எது உங்கள் உயிரை வாங்குகிறது' என்று முந்தைய வருடங்களில் கருத்துக் கணிப்பு நடத்தி, அதையும் வைத்துத் தேர்ந்தெடுத்தது. கூகுளும் மைக்ரோசாஃப்டும் இருந்தும் ஐந்து. மூன்று பேருக்கு 23.

ஆக, நண்பரிடம் இப்படிக் கேளுங்கள்: 'அடுத்த டிசம்பரில் யார் நம் எஞ்சினைப் பயன்படுத்தியிருக்க வேண்டும்?' உங்கள் கடிதத்தில் ஒரு பெயர் ஒளிந்திருக்கிறது. விளம்பரப் பலகைத் திரைகளுக்குள் உங்கள் எஞ்சினைப் பொருத்திப் பார்க்கும் ஒரு சிறு நிறுவனம் இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பியதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். 61 சதவீதத்தைவிட எனக்கு அந்த இரண்டு மின்னஞ்சல்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. அவர்கள் எந்தப் பக்கத்தைக் காட்டுகிறார்கள், அதில் எங்கே உடைகிறது, எந்த டெஸ்ட் கோப்புறை அதைத் தொடுகிறது என்று பின்னோக்கி வாருங்கள். இலக்கில் எழுத வேண்டியது அந்தக் கோப்புறையின் எண். மொத்தச் சதவீதத்தை மாத அறிக்கையின் மூலையில் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

லேஅவுட்டைத் திரும்ப எழுதுவது

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் தழும்பு உண்டு. பல வருடத்துக்கு முன் நான் இருந்த ஒரு நிறுவனத்தில், 'ஆறு மாதத்தில் முழுசாகத் திரும்ப எழுதிவிடுவோம்' என்று தொடங்கினோம். இருபதாவது மாதத்தில் பழையதையும் புதியதையும் சேர்த்துப் பராமரித்துக்கொண்டிருந்தோம். ஆகவே என் பேச்சில் அந்தக் கசப்பு கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

பிரவுசர் உலகின் பெரிய பாடம் நெட்ஸ்கேப். 1998 அக்டோபரில் பழைய லேஅவுட்டைக் கைவிட்டு, பின்னாளில் கெக்கோ என்று பெயர் பெற்ற புதியதற்குப் போக மொசில்லா முடிவெடுத்தது. நெட்ஸ்கேப் 4 வந்தது 1997ல். 6 வந்தது 2000 நவம்பரில். 5 வரவே இல்லை. மொசில்லா 1.0க்கு 2002 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் சந்தையை வாரிக்கொண்டது. அதே சமயம், இன்று ஃபயர்ஃபாக்ஸ் ஓடுவது அந்தக் கெக்கோவில்தான் என்பதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. திரும்ப எழுதியது முட்டாள்தனம் என்பதைவிட, இடையில் பயனருக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாமல் போனதுதான் அடி என்று நான் நினைக்கிறேன்.

சர்வோ வேறு மாதிரி செய்தது. அதன் பழைய லேஅவுட் 2013ல் பிறந்தது, எல்லாவற்றையும் இணையாகக் கணக்கிடும் கனவோடு. புதியது 2020 காலத்தது, தரநிலை ஆவணத்தின் போக்கை நெருக்கமாகப் பின்பற்றியது. 2023ல் திரும்பி வந்த குழு உடனே நிரல் எழுத உட்காரவில்லை. இரண்டையும் படித்து ஒப்பிட்டு, எது நீண்டகாலம் தாங்கும் என்று பார்ப்பதையே அந்த வருடத்தின் ஒரு இலக்காக வைத்தார்கள். புதியதைத் தேர்ந்தார்கள். அதில் அப்போது டேபிள்கூட இல்லை; அது 2024ல்தான் வந்தது. பழையதை உடனே தூக்கிப் போடவும் இல்லை, புதியது தேறிய பிறகுதான் நீக்கினார்கள்.

உங்களுக்கும் அதையே சொல்வேன். 'லேஅவுட்டைத் திரும்ப எழுதுவது' 440 மணியில் அடங்காது. 'எழுத வேண்டுமா என்று எட்டு வாரத்தில் முடிவெடுப்பது' அடங்கும். இண்டர்ஆப் 2022லும் இப்படி ஒரு பிரிப்பு இருந்தது: டெஸ்ட் எழுதும் அளவுக்குத் தெளிவில்லாத மூன்று விஷயங்களை, உதாரணத்துக்கு எடிட்டிங்கை, முடிக்க வேண்டிய இலக்குகளோடு கலக்காமல் 'ஆய்வு' என்று தனியே வைத்தார்கள். ஆய்வின் முடிவில் ஒரு ஆவணம், ஒரு முடிவு, அது 'வேண்டாம்' என்றாலும் இலக்கு நிறைவேறியதாகவே கணக்கு. மறு எழுத்தை வலியுறுத்தும் நண்பரிடமே அந்த ஆய்வைக் கொடுங்கள். ஃப்ளோட்டை மட்டும் புதிய முறையில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். லேஅவுட்டின் சிக்கலெல்லாம் முதலில் ஃப்ளோட்டில்தான் முகம் காட்டும்.

தொண்டருக்கு டார்கெட் வைக்க முடியுமா?

முடியாது. அந்த விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் வருடத் திட்டம் என்பதே அவர்கள் மேல் வைக்கும் டார்கெட் என்று அவர்களும் நீங்களும் நினைத்திருப்பதுதான் பிழை. திட்டம் கட்டுப்படுத்துவது பராமரிப்பாளர்களின் நேரத்தை மட்டும். 'இந்த வருடம் ஃப்ளோட் சம்பந்தமாக வரும் பேட்சை முதலில் பார்ப்போம், வெப்ஜிஎல் (முப்பரிமாண வரைகலை) பேட்ச் வந்தால் தாமதமாகும்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது. ஒருவர் வெப்ஜிஎல்தான் செய்வேன் என்றால் செய்யட்டும், அது அவருடைய ஞாயிற்றுக்கிழமை.

அதனால் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். முதலாவது, நீங்கள் மூவர் பெயர் போட்டு ஏற்பது. பெயர் இல்லாத வரி அதில் வரக் கூடாது. இரண்டாவது, 'யாராவது செய்தால் மகிழ்ச்சி' என்பது. அது 40 வரி இருந்தாலும் பரவாயில்லை. போன வருடம் தொண்டர்கள் முடித்த நான்கும் இந்த இரண்டாவது வகைதான்.

புதியவர்கள் ஒரு பேட்சோடு காணாமல் போவதற்கு இலக்கு தெளிவில்லாததே காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் பேட்ச் சராசரி மூன்று வாரம் பதிலில்லாமல் கிடக்கிறது என்று மூன்றாம் பக்கத்தில் நீங்களே எழுதியது போதும். 'முதல் பேட்சுக்கு மூன்று நாளில் ஒரு வரியாவது பதில்' என்பதை இலக்காக எழுதுங்கள். இதற்குப் பொறியியல் திறமை வேண்டாம், காலண்டரில் மூவர் முறை வைத்தால் போதும்.

லேடிபேர்ட் என்ற இன்னொரு திறமூல பிரவுசரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 2024 ஜூலையில் லாபநோக்கமற்ற அமைப்பாக அறிவித்தபோதே, முதல் ஆல்ஃபா 2026ல், லினக்ஸுக்கும் மேக்குக்கும் என்றார்கள். விண்டோஸ் இப்போதைய முன்னுரிமை இல்லை என்பதையும் மறைக்கவில்லை. உங்கள் திட்டத்திலும் 'இந்த வருடம் செய்யமாட்டோம்' என்று ஒரு பத்தி இருக்கட்டும். எழுதும்போது கை நடுங்கும். எழுதிய பிறகு அரட்டையில் பாதிச் சண்டை நின்றுவிடும்.

நல்கை, கம்பெனி, கையெழுத்து

இலக்கு நிறைவேறாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. நெதர்லாந்தின் என்எல்நெட் அறக்கட்டளை போன்ற இடங்களில் வேலையை மைல்கற்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் முடிந்த பிறகுதான் பணம். அங்கே திருப்பித் தரும் பேச்சைவிட, வராமல் போகும் ஆபத்துதான் அதிகம். அதனால் மைல்கல்லில் உங்கள் கைக்குள் இருப்பதை மட்டும் எழுதுங்கள். 'ஃப்ளோட் கணக்கீடு எழுதப்பட்டு, டெஸ்ட்களோடு முதன்மைக் கிளையில் சேர்ந்தது' என்பது உங்கள் கையில் இருக்கிறது. 'டெஸ்ட்ஸில் 75 சதவீதம்' என்று எழுதினால், அது அடுத்தவர் சேர்க்கும் டெஸ்டைப் பொறுத்தது. 'தினசரிப் பயன்பாட்டுக்கு ஏற்ற பிரவுசர்' என்ற சொற்றொடரை வரைவிலிருந்து அடித்துவிடுங்கள். ஒரு தளம் இன்னொன்றின் தகவலைத் தொடாதபடி தளங்களைத் தனித்தனி புராசஸில் பூட்டும் பாதுகாப்பு உங்களிடம் இன்னும் இல்லை. குரோம் 2018லேயே அதைக் கணினிகளில் இயல்பாக்கிவிட்டது. அது இல்லாத பிரவுசரில் ஒருவர் வங்கிக் கணக்கைத் திறந்தால், உங்கள் விளம்பர வாசகம்தான் அவரை அங்கே அழைத்து வந்திருக்கும்.

சட்டம் என் தொழில் இல்லை, ஆனாலும் ஒன்றைத் திருத்த வேண்டும். 'சொந்த லேப்டாப்பில், ஞாயிற்றுக்கிழமை எழுதியது, கம்பெனி கேட்க முடியாது' என்கிறீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ன் 17(c) பிரிவின்படி, வேலையின் போக்கில் ஊழியர் உருவாக்கும் படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, முதலாளியே முதல் உரிமையாளர். ஞாயிறு எழுதியது 'வேலையின் போக்கில்' வராது என்று நீங்கள் வாதாடலாம்தான். ஆனால் பல நியமனக் கடிதங்களில் அதைவிட அகலமான வாசகம் இருக்கும். உங்களுடையதை எடுத்துப் படியுங்கள். உங்கள் திட்டத்தின் உரிமம் மொசில்லா பொது உரிமம் 2.0, அதில் ஒவ்வொரு பங்களிப்பாளரும் 'இதை வழங்க எனக்கு உரிமை இருப்பதாக நம்புகிறேன்' என்று உறுதி சொல்வதாக ஒரு விதி உண்டு. நான்கு வருடமாக அந்த உறுதியை நீங்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மனிதவளத் துறையிடமிருந்து ஒரு எழுத்துபூர்வ அனுமதி வாங்கிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. கேட்டால் சந்தேகப்படுவார்களோ என்ற பயம் புரிகிறது. பராமரிப்பாளராகப் பெயர் வெளியில் இருக்கும்போது, அவர்களாகக் கண்டுபிடிப்பதைவிட நீங்களே போய்ச் சொல்வது எவ்வளவோ மேல்.

இன்னொன்று, நல்கையில் ஒரு பகுதியை ஊரில் உள்ள சங்கத்தின் வங்கிக் கணக்கில் வாங்கலாமா என்ற யோசனை. வேண்டவே வேண்டாம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010ன் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அதைத் தொட்டால் சிக்கல் சங்கத்துக்கு. அந்தப் பணம் போவது ஐரோப்பாவில் இருக்கும் நண்பருக்கு, அங்கேயே போகட்டும். நாளை உங்கள் பெயரில் தனி நல்கை வந்தால், அது செய்த வேலைக்கான கட்டணமா நன்கொடையா என்பதை ஒரு ஆடிட்டரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வேலையை விடுவது பற்றி

இப்போது வேண்டாம். சர்வோவை மொசில்லா போன்ற அமைப்பே எட்டு வருடத்துக்குப் பிறகு கைவிட்டது. மறுபடி சம்பளத்தோடு ஆள் வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அதன் 0.0.1 பதிப்பு 2025 அக்டோபரில்தான் வந்தது, தொடங்கிப் பதின்மூன்று வருடம் கழித்து. இந்தத் துறையின் காலக்கணக்கு அப்படி. உங்கள் கையில் இருப்பது ஒரு வருடத்துக்கு, பாதி நேரத்துக்கு, அதுவும் இன்னொருவருக்கு வரும் நல்கை. வீட்டுக் கடனுக்கு இன்னும் பதினொரு வருடம் இருக்கிறது என்று எழுதிய கையோடு இதைக் கேட்டிருக்கிறீர்கள்.

இடைவழி உண்டு. உங்கள் பெயரில், மூன்று மாத அளவில் ஒரு சின்ன மைல்கல்லுக்கு விண்ணப்பியுங்கள். கிடைத்தால் அலுவலகத்தில் ஊதியமில்லா விடுப்பு கேட்கலாம். வேலைக்கு எனக்கு ஒரு யோசனை இருக்கிறது: நீங்கள் உள்ளே நுழைந்த அதே கதவு. முதலெழுத்து, எழுத்து இடைவெளி, பேக்ஸ்பேஸ் அழுத்தினால் 'கொ'வில் எது அழிய வேண்டும், வரி எங்கே முறியலாம். வெப் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி, பிரவுசர்களில் தமிழுக்கு என்னென்ன குறை என்று ஒரு ஆவணமே வைத்திருக்கிறது. அதை வரி வரியாக எடுத்து உங்கள் எஞ்சினில் ஓட்டிப் பார்த்து, இல்லாத டெஸ்ட்களை எழுதிச் சேர்த்தால், பயன் உங்கள் எஞ்சினோடு நிற்காது. அந்த டெஸ்ட் தொகுப்பு குரோமுக்கும் சஃபாரிக்கும் பொது. உங்கள் மற்ற இரண்டு நண்பர்களால் இதைச் செய்ய முடியாது, அவர்களுக்குக் 'கோ' உடைந்திருப்பதே கண்ணில் படாது.

மனைவி சொன்னதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை, அவர் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வாரம் 8 மணி என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தில், செவ்வாய், வியாழன் இரவு, ஞாயிறு முழுக்க என்றும் எழுதியிருக்கிறீர்கள். கூட்டினால் 8 வரவில்லை, 15 வருகிறது. மேலே நான் போட்ட கணக்கில் உங்கள் பங்கு 8 தான். திட்டத்தை அந்த 8க்கு எழுதுங்கள்.

கூட்டம் இந்த மாதக் கடைசி சனிக்கிழமை என்கிறீர்கள். அதற்கு முன் இலக்குப் பட்டியலை யாருக்கும் அனுப்பாதீர்கள். மணிக்கணக்கை மட்டும் ஒரு ஷீட்டில் போட்டு இருவருக்கும் அனுப்பி, அவரவர் எண்ணை அவரவரே திருத்தச் சொல்லுங்கள். விளம்பரப் பலகை நிறுவனத்தின் இரண்டாவது மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் போடவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு இன்றே போட்டுவிடுங்கள்.